ஒரே ஆள், மூன்று முகவரி: மெயில் எதற்குப் போகிறது?

குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு அறிவிப்பு 64 பேருக்கு மெயிலில் போகிறது. மறுவாரம் ஒருவர் வந்து, "எனக்கு மெயிலே வரலையே" என்கிறார். செயலாளர் கணினியைத் திறந்து காட்டுகிறார். பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அனுப்பிய மெயிலிலும் இருக்கிறது, எதுவும் திரும்பி வரவும் இல்லை. இருவர் சொல்வதும் உண்மைதான். அந்த அறிவிப்பு, அவர் 2 வருடங்களுக்கு முன்பு விட்டுவந்த அலுவலகத்தின் முகவரிக்குப் போய், யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கிறது. அவருடைய புது முகவரியும் செயலாளரிடம் இருக்கிறது, முகவரிப் புத்தகத்தில் அவர் விவரங்கள் உள்ள அதே அட்டையில், இரண்டாவது வரியில்.

முகவரிப் புத்தகத்தில் அட்டை ஆளுக்கு. மெயில் போவது முகவரிக்கு. சர்வருக்கு ஆளைத் தெரியாது. கயல்விழி என்ற பெயருக்குக் கீழே மூன்று முகவரிகள் இருந்தால், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒவ்வொரு முறையும் யாரோ செய்தாக வேண்டும். நாம் செய்யாத இடத்தில் மெயில் நிரலே செய்துவிடுகிறது, நம்மைக் கேட்காமல். அது எந்த விதிப்படி தேர்ந்தெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உள்வேலை எல்லோருக்கும் திறந்திருக்கும் நிரல் என்பதால் தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலை இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வோம். அவுட்லுக், ஜிமெயில், ஆப்பிள் நிரல்கள் வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்வோம்.

இரண்டே கட்டம் இருந்த காலம்

2022 ஜூனில் 102-ஆம் பதிப்பு வரும்வரை தண்டர்பேர்டு அட்டையில் ஈமெயிலுக்கு 2 கட்டங்கள்தான் இருந்தன: ஒன்று முதன்மை முகவரி, மற்றொன்று கூடுதல் முகவரி. நெட்ஸ்கேப் என்ற பழைய நிரலின் காலத்திலிருந்து வந்த அமைப்பு அது. 2020-இல் 78-ஆம் பதிப்பில் அட்டைகளைச் சேமித்துவைக்கும் பழைய மோர்க் கோப்பு போய் எஸ்க்யூலைட் தரவுத்தளம் வந்தபோதும் கட்டங்கள் இரண்டாகவே நின்றன. 102-இல்தான் ஒவ்வொரு அட்டையும் உள்ளே ஒரு விகார்டாக, அதாவது பல நிரல்களுக்கும் பொதுவான தொடர்பு வடிவமாக, மாறியது. எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றானது. கிளாசிக் அவுட்லுக்கில் இன்றும் 3 கட்டங்கள், அதற்கு மேல் இல்லை.

இந்தப் பழைய கதையைச் சொல்லக் காரணம் உண்டு. கட்டம் போதாத காலத்தில் மூன்றாவது முகவரியை ஆளாளுக்கு ஓர் இடத்தில் ஒளித்துவைத்தார்கள்: குறிப்புப் பகுதியில், கஸ்டம் என்ற பெயரில் இருந்த 4 கட்டங்களில் ஒன்றில், அல்லது அதே ஆளுக்கு இன்னோர் அட்டை போட்டு. 2022-க்கு முன்பிருந்தே தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களின் புத்தகத்தில் இவை இன்னும் அப்படியே கிடக்கும். குறிப்பில் எழுதிய முகவரியை நிரல் முகவரியாகவே பார்க்காது. பெறுநர் வரியில் தட்டச்சு செய்யும்போது அது மேலே வராது. புத்தகத்தைச் சீர்செய்ய உட்காருகிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

விகார்டு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி இருக்கும். ஈமெயில் என்ற சொல்லில் தொடங்கி, வீடா வேலையா என்ற வகை, பிறகு முகவரி. எது முதன்மை என்று சொல்ல ப்ரெஃப் என்ற குறி இருக்கிறது. 1998-இல் வந்த 3.0 வடிவத்தில் அது ஒரு முத்திரை மட்டுமே: குத்தப்பட்டிருக்கும், அல்லது இருக்காது. 2011-இல் வந்த 4.0 வடிவத்தில் அது 1 முதல் 100 வரையிலான எண். 1 என்றால் முதலிடம். குறியே இல்லாத அட்டையில், முதலில் எழுதப்பட்ட முகவரியையே தண்டர்பேர்டு முதன்மையாகக் கொள்ளும். எனவே முதன்மை முகவரிக்குக் குறியும் இடுங்கள், அதையே முதல் வரியிலும் வையுங்கள். வேறு நிரலுக்குப் போகும் வழியில் குறி உதிர்ந்துவிட்டாலும் வரிசை காப்பாற்றும்.

தண்டர்பேர்டில் இதைச் செய்ய கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அட்ரஸ் புக் திறக்கும். ஆளைத் தேர்ந்தெடுத்து எடிட் அழுத்துங்கள். முகவரிகளுக்குக் கீழே இன்னொன்று சேர்ப்பதற்கான பொத்தான் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி வந்ததும் ஒவ்வொன்றின் அருகிலும் டிஃபால்ட் என்ற தேர்வு தோன்றும். வேண்டியதைத் தொட்டு, சேவ் கொடுங்கள். இந்தச் சிறு தேர்வுதான் மேற்கண்ட அறிவிப்பு எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது முகவரி ஏன் மேலே வருவதே இல்லை

பெறுநர் வரியில் இரண்டு எழுத்து தட்டியதும் கீழே விழும் பரிந்துரைகளைப் பாருங்கள். அவற்றின் வரிசைக்குத் தண்டர்பேர்டில் தெளிவான விதி இருக்கிறது. தட்டிய எழுத்துகள் எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்பது முதலில். பொருத்தம் சமமானால், எந்த அட்டைக்கு அதிக முறை மெயில் அனுப்பியிருக்கிறோம் என்ற எண்ணிக்கை. ஒரே அட்டையின் இரண்டு முகவரிகள் மோதினால் முதன்மை முகவரி முன்னால். அதற்கும் பிறகு அகர வரிசை.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். எண்ணிக்கை அட்டைக்குத்தான் ஏறுகிறது, முகவரிக்கு இல்லை. கயல்விழிக்குப் பள்ளி முகவரி முதன்மை, சொந்த முகவரி இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். தினமும் அம்புக்குறியால் ஒரு வரி இறங்கி சொந்த முகவரிக்கே 200 மெயில் அனுப்பினாலும், அந்த 200-உம் அட்டையின் கணக்கில்தான் சேரும். கயல்விழியின் அட்டை மற்றவர்களைத் தாண்டி மேலே வரும். ஆனால் அதற்குள் பள்ளி முகவரிதான் எப்போதும் முன்னே நிற்கும். 201-ஆவது நாள் அவசரத்தில் டேப் தட்டினால் போவது பள்ளிக்கு. "இத்தனை நாள் பழகியும் இந்த நிரலுக்குத் தெரியவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். தீர்வு ஒன்றே: அதிகம் எழுதும் முகவரியை முதன்மையாக்குங்கள்.

எழுதும் சாளரத்தில் எஃப்9 அழுத்தினால் வரும் தொடர்புப் பட்டையிலிருந்து இழுத்துப் போட்டாலும் இதே கதைதான்; அங்கிருந்து வருவது அட்டையின் முதன்மை முகவரி. இரண்டாவது வேண்டுமென்றால் அந்த முகவரியின் முதல் எழுத்துகளைப் பெறுநர் வரியில் தட்டுங்கள், அல்லது அட்ரஸ் புக்கில் அட்டையைத் திறந்து அந்த முகவரி மேலேயே கிளிக் செய்யுங்கள்.

பதில் எழுதும்போது மட்டும் புத்தகத்துக்கு வேலையே இல்லை. ரிப்ளை போவது, வந்த மெயிலில் உள்ள அனுப்புநர் முகவரிக்கு. ரிப்ளை-டூ என்று தனியாக ஒன்று இருந்தால் அதற்கு. கயல்விழி பள்ளியிலிருந்து எழுதியிருந்தால் உங்கள் பதில் பள்ளிக்குத்தான் போகும், அட்டையில் எது முதன்மையாக இருந்தாலும். குடும்ப விஷயம் எழுதுகிறீர்கள் என்றால் இதை ஒரு கணம் பார்த்துக்கொள்வது நல்லது.

அவுட்லுக்கில் வேறொரு பொறி இருக்கிறது. அதன் பரிந்துரைப் பட்டியல் முகவரிப் புத்தகமே அல்ல. ஏற்கெனவே மெயில் அனுப்பிய முகவரிகளைத் தனியே சேர்த்துவைக்கும் 1000 பதிவு வரையிலான ஒரு நினைவு. அட்டையில் முகவரியைத் திருத்தினாலும் இந்த நினைவு திருந்தாது. பழைய முகவரி பரிந்துரையில் வந்துகொண்டே இருக்கும். அந்த வரியின் வலப்பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கினால்தான் போகும். "அட்டையை மாத்திட்டேன், ஆனாலும் பழைய முகவரிக்கே போகுது" என்ற புகாரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

பட்டியல்: தவறுகள் அதிகம் நடக்கும் இடம்

தண்டர்பேர்டில் மெயிலிங் லிஸ்ட் உருவாக்கும்போது உள்ளே சேர்வது முகவரிகள் என்றுதான் நினைப்போம். உண்மையில் பட்டியல் அட்டைகளைச் சுட்டுகிறது. தரவுத்தளத்தில் பட்டியலுக்கு ஓர் அடையாளம், அட்டைக்கு ஓர் அடையாளம், இரண்டையும் இணைக்கும் ஒரு வரி; அவ்வளவுதான். அந்த ஆளின் எந்த முகவரி என்று எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. அதனால் பட்டியலுக்கு அனுப்பும் மெயில் அட்டையின் முதன்மை முகவரிக்குப் போகிறது. நீங்கள் ஏதோ காரணத்துக்காக முதன்மையை மாற்றினால், அவர் இருக்கும் எல்லாப் பட்டியல்களிலும் அன்றைக்கே மாறிவிடுகிறது.

ஒருவர் ஒரே பட்டியலில் இருந்தால் இது வசதிதான். பெற்றோர் ஆசிரியர் கழகப் பட்டியலில் பள்ளி முகவரியும் குடியிருப்போர் பட்டியலில் சொந்த முகவரியும் வேண்டும் என்னும்போதுதான் முட்டுகிறது. ஒரே அட்டையால் இரண்டையும் செய்ய முடியாது. இங்கே மட்டும், ஓர் ஆளுக்கு ஓர் அட்டை என்ற நல்ல கொள்கையை மீறத்தான் வேண்டும்.

செய்முறை இது. பட்டியல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அதே புத்தகத்தில் கயல்விழிக்கு இன்னோர் அட்டை போடுங்கள். அதில் ஒரே ஒரு முகவரி, அந்தப் பட்டியலுக்கு வேண்டியது மட்டும். தோன்றும் பெயரை முதல் அட்டையில் உள்ளது போலவே எழுத்து மாறாமல் எழுதுங்கள். வேறுபடுத்த வேண்டுமென்றால் நிக்நேம் கட்டத்தில் "கயல்சங்கம்" என்பது போல ஒன்று வையுங்கள். பிறகு அந்தப் புது அட்டையை இழுத்து, இடப்பக்கத்தில் உள்ள பட்டியலின் பெயர்மேல் விடுங்கள். பட்டியல் சாளரத்தைத் திறந்து முகவரியைத் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டாம். அப்போது நிரல் முகவரியை வைத்து அட்டையைத் தேடும், அதே முகவரி இரண்டு அட்டைகளில் இருந்தால் எது கையில் அகப்படும் என்பதற்கு உறுதி கிடையாது. கடைசியாகப் பட்டியலில் இருக்கும் பழைய அட்டையை எடுத்துவிடுங்கள்.

தோன்றும் பெயரை மாற்றாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெயர் உங்கள் கணினியோடு நிற்பதில்லை. மெயிலின் பெறுநர் வரியில் முகவரியோடு சேர்ந்து பயணிக்கிறது. "கயல்விழி பழைய ஆபீஸ்" என்றோ "கயல் வாடகை பாக்கி" என்றோ அடையாளத்துக்காக எழுதிவைத்தால், மெயிலைப் பெறும் கயல்விழியும் அதைப் பார்ப்பார், நகல் பெறும் மற்றவர்களும் பார்ப்பார்கள். நிக்நேம் அப்படியல்ல, அது வெளியே போகாது. ஆனால் பெறுநர் வரியில் நிக்நேமை முழுதாகத் தட்டினால் அந்த அட்டை பரிந்துரையில் முதலில் வந்து நிற்கும். பெயர்களைத் தமிழில் எழுதிவைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயன்: நிக்நேமில் ஆங்கில எழுத்தில் பெயரை எழுதிவிட்டால் விசைப்பலகை மொழியை மாற்றாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

அனுப்புவதற்கு முன் சோதிக்க எளிய வழி உண்டு. பெறுநர் வரியில் பட்டியலின் பெயரைச் சேர்த்ததும் அது ஒரு குமிழ் போல நிற்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்பேண்ட் லிஸ்ட் கொடுத்தால் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி முகவரியோடு விரிவார்கள். போகப்போகும் முகவரி எது என்று கண்ணால் பார்த்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் பெரிய அறிவிப்புக்கு முன் இந்த 2 நிமிட வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். பட்டியலை, பெறுநர்களை ஒருவருக்கொருவர் காட்டாத பிசிசி வரியில் போடுவதும் கட்டாயம். டூ வரியில் போட்டால் 64 பேரின் சொந்த முகவரிகளும் 64 பேருக்கும் தெரிந்துவிடும்.

மற்ற நிரல்கள் இதைக் கொஞ்சம் நன்றாகவே செய்கின்றன. மேக் கணினியின் கான்டாக்ட்ஸ் நிரலில் எடிட் மெனுவுக்குள் டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்டைத் திருத்தும் வசதி இருக்கிறது; குழுவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொருவரின் எல்லா முகவரிகளும் தெரியும், அந்தக் குழுவுக்கு எது என்று தொட்டுக் காட்டிவிடலாம். இருப்பவற்றில் இதுதான் நேர்மையான தீர்வு. அவுட்லுக்கின் தொடர்புக் குழு, சேர்க்கும் நேரத்தில் 3 முகவரிகளில் எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அட்டையில் முகவரி மாறினால் குழுவைத் திறந்து அப்டேட் நவ் கொடுக்க வேண்டும். ஜிமெயிலில் குழுவுக்கு இட்ட லேபிளின் பெயரைத் தட்டியதும் எல்லோரும் தனித்தனியாக விரிந்துவிடுவதால் அனுப்பும் முன் பார்க்க முடிகிறது.

"எதற்கு இந்தத் தொல்லை, இரண்டு முகவரிக்குமே அனுப்பிவிடலாமே" என்று தோன்றும். சிறு பட்டியலுக்குச் சரி. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பெறுநர்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 300 பேருக்கு இரண்டு முகவரி என்றால் 600. அன்றைய வரம்பைத் தாண்டியதும் கணக்கு அனுப்ப மறுக்கும்; கடைசியில் உள்ளவர்களுக்கு மெயில் போயிருக்காது.

வரும் மெயிலுக்கும் இதில் பங்கு உண்டு

அனுப்புவதற்கு மட்டும்தான் முகவரிப் புத்தகம் என்று பலர் நினைக்கிறார்கள். வரும் மெயிலை நிரல் எப்படி நடத்துகிறது என்பதும் இதைப் பொறுத்தது. தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் ஸ்பேம் பகுதிக்குப் போனால், இன்ன புத்தகத்தில் இருப்பவர்களின் மெயிலை ஸ்பேமாகக் குறிக்காதே என்ற தேர்வு இருக்கும். வடிகட்டிகளில் அனுப்புநர் என் முகவரிப் புத்தகத்தில் இருக்கிறார் என்ற நிபந்தனையும் வைக்கலாம். இரண்டும் பார்ப்பது பெயரை அல்ல, முகவரியை. கயல்விழியின் சொந்த முகவரி அட்டையில் இல்லையென்றால், பள்ளியிலிருந்து எழுதும்போது நம்பப்படும் அதே கயல்விழி, வீட்டிலிருந்து எழுதும்போது ஸ்பேம் பெட்டிக்குள் விழக்கூடும். ஒருவர் உண்மையில் பயன்படுத்தும் எல்லா முகவரிகளையும் அட்டையில் சேர்க்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. அட்ரஸ் புக்கில் உள்ளவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டும் தேர்வு தண்டர்பேர்டில் உண்டு. அது இயங்கும்போது தெரிந்த முகவரியிலிருந்து வந்தால் பெயர் மட்டும் தெரியும்; தெரியாத முகவரியிலிருந்து வந்தால் பெயரோடு முகவரியும் சேர்ந்து தெரியும். அட்டை முழுமையாக இருந்தால் இந்த வேறுபாடு நமக்கு மணி அடிக்கும். "அவசரமாக 20,000 அனுப்புங்கள்" என்று கயல்விழி பெயரில் யாரோ எழுதினால், பெயருக்குப் பின்னால் புது முகவரி நீட்டிக்கொண்டு நிற்கும். அட்டை அரைகுறையாக இருந்தால் உண்மையான கயல்விழியின் மெயிலும் அப்படித்தான் தெரியும். கண் பழகி மணி அடிப்பது நின்றுபோகும். திறந்த மெயிலின் மேல்பகுதியில் முழு முகவரியை எப்போதும் காட்டும் தேர்வையும் போட்டுவைப்பது இன்னும் நல்லது.

இரண்டு விஷயங்கள் மட்டும் அட்டையைப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து படங்களை இறக்க ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதி அந்த முகவரிக்கு மட்டும்தான். இரண்டாவது முகவரிக்குத் திரும்பவும் கேட்கும். மறையாக்கச் சான்றிதழும் முகவரியோடு கட்டப்பட்டது. பள்ளி முகவரிக்கான சான்றிதழ் கையில் இருப்பதால் சொந்த முகவரிக்குப் பூட்டி அனுப்பிவிட முடியாது.

இரட்டை அட்டைகளை ஒன்றாக்குதல்

தேவைக்காக நாமே போட்ட இரண்டாவது அட்டை வேறு; தானாக முளைத்தவை வேறு. தண்டர்பேர்டில், வந்த மெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் அந்த முகவரிக்குப் புது அட்டை உருவாகும். அதே ஆளுக்கு ஏற்கெனவே வேறு முகவரியோடு அட்டை இருப்பது நிரலுக்குத் தெரியாது. அது ஒப்பிடுவது முகவரியைத்தான். மெயில் அனுப்பும்போது, புத்தகத்தில் இல்லாத முகவரிகள் கலெக்டட் அட்ரசஸ் என்ற புத்தகத்தில் தானே சேர்கின்றன. தப்பாகத் தட்டிய முகவரியும் அப்படியே சேர்ந்து, அடுத்த முறை பரிந்துரையாக வந்து நிற்கும். ஜிமெயிலில் அதர் கான்டாக்ட்ஸ் என்ற பகுதி இதே வேலையைச் செய்கிறது. மாதம் ஒருமுறை இவற்றைத் திறந்து எழுத்துப்பிழை உள்ளவற்றை நீக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சங்கடம் கூடுதல். மு. கண்ணன், கண்ணன் மு, ஆங்கில எழுத்தில் கண்ணன், கண்ணன் முருகேசன் எல்லாம் ஒருவரே. பெயரை வைத்து இணைக்கும் கருவிகளுக்கு இவை நான்கு பேர். மறுபக்கம், தலைப்பெழுத்து விடுபட்ட இரண்டு கண்ணன்கள் அவற்றுக்கு ஒருவராகத் தெரியலாம். கூகுள் கான்டாக்ட்ஸில் உள்ள மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ் பயனுள்ளதுதான், ஆனால் மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து இணையுங்கள். அப்பாவின் முகவரியையே மகனும் கொடுத்திருக்கும் வீடுகளில் இருவரும் ஓர் அட்டைக்குள் போய்விடக்கூடும். தவறு நடந்தால் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி அங்கே இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் உள்ள புள்ளிகளையும் கவனியுங்கள்: புள்ளியோடு எழுதினாலும் இல்லாமல் எழுதினாலும் ஒரே பெட்டிதான். முகவரிப் புத்தகம் அவற்றை இரண்டாகவே எண்ணும்.

தண்டர்பேர்டில் கையால்தான் இணைக்க வேண்டும். முதலில் புத்தகத்தை விகார்டாக ஏற்றுமதி செய்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். பிறகு எல்லாப் புத்தகங்களையும் சேர்த்துக் காட்டும் இடத்தில் அட்டவணைத் தோற்றத்துக்கு மாறி, பெயர்வாரியாக வரிசைப்படுத்துங்கள். இரட்டைகள் அடுத்தடுத்து வரும். எந்த அட்டையை வைத்துக்கொள்வது என்பதுதான் முக்கியமான முடிவு: பட்டியல்களில் உறுப்பினராக இருக்கும் அட்டையை வையுங்கள். அட்டையை நீக்கினால் அது இருந்த பட்டியல்களிலிருந்தும் சத்தமில்லாமல் போய்விடும். தகவல் அதிகம் இருக்கிறதே என்று மற்றதை வைத்துவிட்டு இதை அழித்தால், அடுத்த அறிவிப்பு அவருக்குப் போகாது. நீக்கப்போகும் அட்டையின் முகவரியை நகலெடுத்து, வைத்துக்கொள்ளும் அட்டையில் ஒட்டி, முதன்மையைக் குறித்து, சேவ் செய்த பிறகே மற்றதை அழியுங்கள்.

வேறு நிரலுக்கு மாற்றும்போதும் போனோடு இணைக்கும்போதும்

இடம் மாற்ற விகார்டையே பயன்படுத்துங்கள். தண்டர்பேர்டின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில் ஈமெயிலுக்கு 2 பத்திகள், அவுட்லுக்கின் சிஎஸ்வியில் 3. நான்காவது முகவரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதிர்ந்துவிடும். சிஎஸ்வியைத்தான் கேட்கிறார்கள் என்றால் முதலில் 5 பேரோடு ஒரு சோதனைக் கோப்பு செய்து, உள்ளே போனதும் எண்ணிப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து அப்படியே சேமித்தால் எழுத்துகள் சிதையலாம். டேட்டா பகுதி வழியாக, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்து, சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8 சிஎஸ்வியையே தேர்ந்தெடுங்கள்.

போனில் கூகுள் கணக்கு இருந்தால் தண்டர்பேர்டில் அதை கார்டேவ் என்ற தொடர்பு ஒத்திசைவு முறை வழியாக இணைக்கலாம். 2021-இல் 91-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இணைத்த பிறகு தெரியவரும் சங்கடங்கள் மூன்று. அப்படி வந்த புத்தகத்துக்குள் தண்டர்பேர்டால் மெயிலிங் லிஸ்ட் வைக்க முடியாது. பட்டியல் கணினியில் உள்ள சொந்தப் புத்தகத்தில்தான் இருக்க வேண்டும். அதற்காக அங்கே நகலெடுத்த அட்டை, போனில் முகவரி மாறும்போது கூடவே மாறாது; அதைக் கையால் திருத்த வேண்டும். அடுத்து, கூகுளில் "கல்லூரி" என்றோ "சங்கம்" என்றோ நாமே இட்ட வகைப் பெயர்கள் தண்டர்பேர்டில் தெரியாது. அதற்கு வீடு, வேலை என்ற இரண்டுதான் தெரியும். மூன்றாவதாக, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இரண்டு தொடர்புகளை லிங்க் செய்வது இணைப்பு ஆகாது. போன் திரையில் ஒன்றாகக் காட்டும், அவ்வளவுதான். சர்வரில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும், கணினியிலும் இரண்டாகவே வரும். இணைக்கும் வேலையை எங்காவது ஓரிடத்தில், பிரவுசரில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து செய்வதே நல்லது.

செத்துப்போன முகவரிகள்

மெயில் திரும்பி வந்தால் அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். 550 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை. அந்த முகவரியை எடுத்துவிடலாம். 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடை. சர்வரே திரும்பவும் முயலும், நாம் கைவைக்க வேண்டாம். 5.2.2 போல நடுவெண் 2, கடைசி எண் 2 என்று முடிந்தால் பெட்டி நிரம்பியிருக்கிறது. முகவரி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் கொஞ்ச நாள் அடுத்த முகவரியை முதன்மையாக்கலாம். 5.7.1 என்றால் கொள்கை காரணமாக மறுத்திருக்கிறார்கள். முகவரியில் பிழையில்லை, அனுப்பும் பக்கத்தில் ஏதோ சரியில்லை.

எடுத்துவிடும் முகவரியை அட்டையின் மூன்றாவது வரியில் நினைவுக்காக விட்டுவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதில் ஆபத்து இருக்கிறது. 2013-இல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படாத பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்கே கொடுத்தது. சிறு நிறுவனங்களின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் போனால் அதை வாங்குகிறவர் பழைய முகவரிகளையெல்லாம் மீண்டும் உண்டாக்கலாம். அட்டையில் அந்த முகவரி இருக்கும்வரை, அங்கிருந்து வரும் மெயிலை உங்கள் நிரல் நண்பரின் பெயரோடு காட்டும், ஸ்பேம் சோதனையிலும் விட்டுவிடும். பழைய மெயில்களைத் தேட அந்த முகவரி தேவை என்றால், முகவரிக் கட்டத்திலிருந்து வெட்டி அட்டையின் குறிப்புப் பகுதியில் ஒட்டி, கைவிட்ட மாதத்தையும் வருடத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அங்கே இருப்பது பரிந்துரையில் வராது, யாரையும் நம்பவும் வைக்காது. அட்டையைத் திறந்தால் உங்களுக்கு மட்டும் தெரியும்.